அப்பாவின் மீன்

தச்சரான அப்பா தனக்குப் பிடித்துப்போன நாற்காலிக்கு மட்டும் அடியில் உளியால் சிறு மீன் செதுக்குவார். அவர் இறந்து பல வருடமாகிறது. தம்பி அப்பாவின் பழைய மர இணைப்பு முறையிலேயே புது மாதிரி நாற்காலிகள் செய்து பேர் வாங்கினான். அவன் செய்த ஒவ்வொன்றின் அடியிலும் மீன் இருந்தது. அண்ணனுக்கு வயிறு எரிந்தது.

"அப்பா மீனை நீயே செதுக்கிக்கிறியே, வெட்கமா இல்ல?"

"நானா? நீ பாசத்துல செதுக்குறேன்னுல்ல நினைச்சேன், அண்ணா!"

அன்று மாலை அண்ணன் தான் செய்த நாற்காலியைத் தம்பி நாற்காலிகளை வைக்கும் இடத்தில் வைத்துப் பட்டறையைப் பூட்டினான். சாவி இரவு முழுவதும் அவன் இடுப்பிலேயே இருந்தது.

காலையில் அந்த நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தான். மீன் இல்லை. அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் சாக்பீஸால் எழுதியிருந்தது: "பெரியவனே, தம்பிகிட்ட கேட்டுச் செய்."

தம்பி வருவதற்குள் அழித்துவிட வேண்டுமென்று அவன் அவசரமாகத் தேய்த்தான்.