ஓட்டத் தெரியாதவன்

“ஊர்ல வேற ஆளே கெடைக்கலீங்களா? அந்த மனுசன் இருக்கிற இருப்புல, அவரைப் போயி வண்டி தள்ளக் கூப்பிட்டிருக்கீங்களே!”

சாலம்மாள் கொதித்துப் போயிருந்தாள்.

முழங்கையில் ஏறியிருந்த வேலிமுள்ளைப் பிடுங்கிக்கொண்டே, “வண்டி அவரு ஊட்டு வாசல்ல நின்னுபோச்சு. நான் என்ன புள்ள பண்றது?” என்றான் அவள் புருசன் குழந்தைவேல்.

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பியவன் நிலம் வாங்குவான், கிணறு வெட்டுவான் என்று மல்லசமுத்திரத்தில் எல்லோரும் நினைத்தார்கள். அவனோ சேலத்தில் பட்டாளத்துச் சாமான் ஏலம் விட்ட இடத்தில் ஒரு பெரிய மோட்டார் சைக்கிளைப் பிடித்து, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான்.

நல்ல நீளமான வண்டி. எருமைக் கொம்பு மாதிரி அகலமாக வளைந்த கைப்பிடி. சாய்ந்து உட்காரத் தோதான சீட்டு. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

அவன் ஓட்டியதைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கோழி குறுக்கே வந்தால் கத்துவான். வளைவு வந்தால் இரண்டு காலையும் ஊன்றுவான். நேராகப் போகிற வண்டி திடீரென்று வேலிக்குள் புகுந்துவிடும். “பட்டாளத்துல இவனை அடுப்படியில போட்டிருப்பாங்க” என்றது ஊர். அவன் வாயைத் திறந்து எதுவும் சொல்லாததால் சாலம்மாளும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அதுகூடப் போகட்டும். வண்டி தினமும் பச்சமுத்து வீட்டு வாசலுக்குப் போய்த்தான் நிற்கிறது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

ரேக்ளாப் பந்தயத்தில் பச்சமுத்துவை ஜெயிக்கச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. பிள்ளை இல்லாத மனுசர், இரண்டு காளைகளையும் பிள்ளைகளாக வளர்த்தார். போன மழைக்காலத்தில் நோய் வந்து இரண்டும் அடுத்தடுத்துச் செத்துப்போயின. அன்றைக்கு வீட்டுக்குள் போனவர்தான். யாரிடமும் பேச்சில்லை. வைத்த சோறு வைத்தபடியே இருக்கும். சொந்தபந்தமெல்லாம் வந்து சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவர் வாசலில் நின்றுகொண்டு, “அண்ணா, ஒரு கை குடுங்கண்ணா! வண்டி கெளம்ப மாட்டேங்குது!” என்று இவன் கூப்பாடு போடுகிறான்.

முதல் நாள் அவர் முறைத்துக்கொண்டே வந்து தள்ளிவிட்டுப் போனார். மறுநாளும் கூப்பிட்டான். அதற்கு மறுநாளும்.

“நொந்து கெடக்கிறவருகிட்ட வேலை வாங்குறான் பாரு” என்று ஊர் காறித் துப்பியது.

ஒரு காலையில் சாலம்மாளே அதைக் கண்ணால் பார்த்தாள். வேர்க்க வேர்க்கத் தள்ளிக்கொண்டிருந்த பச்சமுத்து, சட்டென்று வண்டியை இழுத்து நிறுத்தினார்.

“எறங்குடா கீழ!”

குழந்தைவேல் இறங்கினான்.

“என்றா இது, உடும்பு மாதிரி புடிக்கிறே? மூக்கணாங்கவுறு புடிக்கிற மாதிரி கைய எளக்கமா வெக்கோணும். நீ பயந்தீன்னா வண்டியும் மெரளும்.”

“எனக்கு வரமாட்டேங்குதுங்கண்ணா. நீங்க ஏறிக் காட்டுங்க.”

“நானா?”

“ஏலம் போட்டவன் சொன்னது எனக்கு மனப்பாடமா இருக்குதுங்க. பின்னால உக்காந்து சொல்றேன். நீங்க ஓட்டுங்க.”

பச்சமுத்து வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பெட்ரோல் டாங்கியை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

அன்று சாயங்காலம் அவர் மனைவி குஞ்சம்மாள் ஓடி வந்தாள். “சாலா, இன்னைக்கு அவரே பசிக்குதுன்னு கேட்டு வாங்கித் தின்னாரு சாமி!” சாலம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

சாலம்மாளுக்குச் சந்தோசம்தான். ஆனாலும் புருசனை ஊர் கேலி பேசுவது உறுத்திக்கொண்டே இருந்தது.

சந்தை கூடிய நாளில், அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வேலுசாமி என்பவர் குழந்தைவேலைப் பார்க்க வந்தார். கூடப் பட்டாளத்தில் இருந்தவராம். சாலம்மாள் அவருக்கு மோர் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே தெருக்கோடியில் ‘தடதட’வென்று சத்தம்.

சந்தைக் கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து, தலைத்துண்டு காற்றில் பறக்க, பச்சமுத்து வந்தார். அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் குழந்தைவேல். குளத்து மேட்டு வளைவில் காலை ஊன்றவே இல்லை. வண்டியைச் சாய்த்துத் திருப்பினார் பாருங்கள், பந்தயத்தில் பறக்குமே அதே விசில் கூட்டத்திலிருந்து பறந்தது!

“உடாதீங்க பச்சமுத்தண்ணா! உடாதீங்க!”

பச்சமுத்து வாய்விட்டுச் சிரித்தார். குழந்தைவேலை வாசலில் இறக்கிவிட்டு, ஆசை அடங்காமல் இன்னொரு சுற்றுக்குக் கிளம்பினார்.

சாலம்மாள் பெருமூச்சு விட்டாள். “பாத்தீங்களாண்ணா? வண்டி எங்களுது. ஓட்டுறது அவரு. எங்கூட்டுக்காரருக்குக் கடைசி வரைக்கும் ஓட்டவே வரலீங்க.”

வேலுசாமிக்குப் புரையேறிவிட்டது.

“ஓட்ட வரலையா? இவனுக்கா? என்ன தங்கச்சி சொல்ற! பர்மா காட்டுல, தலைக்கு மேல குண்டு விழறப்ப, இதே மாதிரி வண்டியில சேதி கொண்டாந்து எங்க உயிரையெல்லாம் காப்பாத்துனது இவன்தான்! சேத்துலகூட ஒரு தரம் வண்டிய நிக்க விட்டதில்ல!”

உள்ளே பாய்ந்து வந்த குழந்தைவேல் அவர் வாயைப் பொத்தினான்.

“மெல்லப் பேசுடா! பச்சமுத்து அண்ணன் காதுல உழுந்தறப் போவுது!”