யாரு பெத்த பிள்ளைக?

"பிச்சைக்கண்ணு அண்ணாச்சி, யாரு பெத்த பிள்ளைக இதுக? இந்த வெயில்ல தனியா நிக்குதுக!"

சுடலைவடிவு போட்ட சத்தத்தில் ஆழ்வார்குறிச்சி வண்டிப்பேட்டையே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு மெதுவாகப் பேச வராது. நடவு முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள், காலில் சேறு காயாமலே புளியமரத்தடியில் நின்றுவிட்டாள். அங்கே ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்று, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தது.

"எனக்கும் தெரியலையே தாயி. இப்பத்தான் பார்த்தேன்," என்றார் வெற்றிலைக் கடை பிச்சைக்கண்ணு. "கருப்பட்டித் துண்டு கொடுத்தாலும் வாங்க மாட்டேங்குதுக."

"ஏட்டி, உங்க அம்மை எங்க?" என்று பிள்ளையிடம் கேட்டாள் சுடலைவடிவு.

"வருவாக."

"எப்ப வருவா?"

"தெரியாது."

இலங்கையில் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணிகள் ஊர் ஊராகச் சுற்றுகிற காலம். தனியாக நிற்கிற பிள்ளைகளையும் கப்பலேற்றிவிடுகிறார்கள் என்று பேச்சு. அது மெய்யோ பொய்யோ, இந்த இரண்டையும் நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போனால் சுடலைவடிவுக்குத் தூக்கம் வராது.

எதிர்த் தெருவில்தான் அவள் வீடு. ஓடிப்போய், தன் பிள்ளைகளுக்கு வைத்திருந்த தயிர்ச்சோற்றைச் சட்டியோடு தூக்கிவந்தாள். சோற்றைக் கண்டதும் பெண்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டது.

"என்னட்டி, தூக்கம் வருதா?"

"இல்ல. செபம் பண்ணுதேன்."

"ஏசுசாமி கும்பிடுற வேதக்காரப் பிள்ளைகல்லா!" என்றார் பிச்சைக்கண்ணு.

"வயித்துக்கு என்ன வேதம் தெரியும்? பைய தின்னுட்டி, விக்கிக்கப் போவுது." சின்னவனை மடியில் போட்டு ஊட்டத் தொடங்கினாள் சுடலைவடிவு. "அண்ணாச்சி, கிராம முன்சீப்புகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. பெத்தவ பொழுது சாயிறதுக்குள்ள வரலேன்னா, ரெண்டையும் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். நான் பெத்த அஞ்சோட சேர்த்து ஏழு. ஆளுக்கு நாலு பருக்கை குறைச்சுத் தின்னா செத்தா போயிருவோம்?"

பிச்சைக்கண்ணு கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எழுந்தார். அதற்குள் பேட்டை ஓரத்தில் நின்ற கூண்டு வண்டிக்குப் பின்னாலிருந்து, முழுக்கை ரவிக்கை போட்ட ஒருத்தி வந்தாள். "அம்மா!" என்று தாவினான் சின்னவன்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள் சுடலைவடிவு.

"ஏட்டி, நீ பெத்தவளா, பேயா? ரெண்டு பச்சை மண்ணைத் தெருவுல நிறுத்திட்டு வண்டி மறைவுல உனக்கு என்ன சோலி? நாய் கடிச்சா என்ன செய்வே? எவனாவது தூக்கிட்டுப் போனா என்ன செய்வே? கோயில் கோயிலாச் சுத்தியும் பிள்ளை இல்லாதவ எத்தனை பேரு இருக்கா தெரியுமா?"

வந்தவள் வசவு முழுவதையும் நின்று வாங்கிக்கொண்டாள். கண்ணில் நீர் நிறைந்திருந்தது, உதட்டிலோ சிரிப்பு. அதைப் பார்த்துச் சுடலைவடிவுக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

"அக்கா, உங்க தெருவுல வாடகைக்கு வீடு கிடைக்குமா?" என்று கேட்டாள் அவள்.

"என்னது?"

"என் பேரு பாக்கியவதி. பாளையங்கோட்டையில வாத்தியாரம்மா வேலைக்குப் படிச்சேன். மூணு ஊர்ல பள்ளிக்கூடத்துக்கு ஆள் வேணுமாம். எந்த ஊர்னு நீயே முடிவு பண்ணுன்னு மிஷன்ல சொல்லிட்டாக. பிள்ளைகளோட அப்பா கொழும்புல வேலையா இருக்காக. நான் பள்ளிக்கூடம் போயிட்டா இதுகளைப் பார்க்க நாதியில்ல. அதான், குடிவாரதுக்கு முந்தி ஊரைப் பார்க்க வந்தேன்."

"ஊரைப் பார்க்க வந்தவ நாலு தெருவைச் சுத்தியில்லா பார்க்கணும்? வண்டிக்குப் பின்னால நின்னு என்னத்தைப் பார்த்தே?"

பாக்கியவதி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், மகள் தயிர்க் கையோடு ஓடிவந்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, இந்த ஊரே இருக்கட்டும்மா! மத்த ரெண்டு ஊர்லயும் அழுது அழுது என் தொண்டையே கட்டிப் போச்சு. இங்கன நான் சரியா அழ ஆரம்பிக்கக்கூட இல்ல, அதுக்குள்ள சோறு வந்துட்டு!"