இந்த வருஷத்துக் கரைச்சாலை

"ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர் போதும்ங்க, எல்லாருக்கும் முட்டிவலி..."

"முப்பதாச்சும் மிதிக்கலன்னா சைக்கிள் எதுக்கு? கட்டில்லயே கிடக்கலாமே!"

கலியமூர்த்தியும் மனைவி இந்திராணியும் நண்பர்களின் கடலோரச் சைக்கிள் பயணத்துக்கு வருஷாவருஷம் இப்படிச் சண்டை போட்டுத்தான் திட்டம் போடுவார்கள். கடல் ஏற ஏற, கரைச்சாலையும் ஒவ்வொரு வருஷமும் இன்னும் மேற்கே புதிதாகப் போடப்பட்டது. சாலைக்குக் கிழக்கே இருப்பவர்கள் மழைக்காலத்துக்குள் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும்.

அவர் புது வரைபடத்தைத் திறந்தார்.

"அட, நம்ம தெரு வழியாவே போகுதே! மத்தியானச் சாப்பாட்டை நம்ம வீட்டுலயே வச்சுக்கலாம். வத்தக்குழம்பு உன் பொறுப்பு."

இந்திராணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் சாலையைத் தொட்டாள். பிறகு தங்கள் வீட்டை.

"தெரு வழியா இல்லைங்க, பின்னால கொல்லைப் பக்கமாப் போகுது. அப்ப நம்ம வீடு ரோட்டுக்குக் கிழக்கேயா இருக்கு?"