தொட்டி மேல் ராஜாளி

"மூச்சை மெதுவா விடு! அதுக்குக் கேட்டுடும்."

"எதுக்குங்க? தொட்டி மேல காக்காகூட இல்லையே!"

"வரும்" என்றார் கணவர், முழங்கை நீள லென்ஸ் மாட்டிய கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். எதிர்க் கட்டட மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் எப்போதோ ஒரு ராஜாளி உட்கார்ந்ததாம். அதற்காகப் பதினேழு நாளாக இதே பால்கனி, இதே முக்காலி. புகைப்படப் போட்டிக்கு இன்று மாலை ஐந்து மணிதான் கெடு.

"வரலைன்னா?"

"கேமராவைப் பரண்ல போட்டுட்டு, மறுபடி புல்லாங்குழலை எடுத்துடுவேன்."

புல்லாங்குழலா! போன தடவை அவர் வாசித்தபோது, யாருக்கோ மூச்சுத் திணறுகிறது என்று மேல் வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்கே போன் போட்டுவிட்டார்.

மணி நாலரை. மனைவியின் கைப்பேசி ஒரு முறை அதிர்ந்து அடங்கியது.

"ஏங்க, இந்த பாட்டில் மூடி திறக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் உள்ள வாங்களேன்."

"இப்பவா?"

"இப்பவேதான்!"

திருகினார். சுவரில் தட்டித் திருகினார். பத்து நிமிட மல்லுக்கட்டுக்குப் பிறகு மூடி கழன்றது.

"காலி பாட்டிலை எதுக்குடி திறக்கச் சொன்னே?"

"கழுவத்தான். நீங்க போங்க, போங்க!"

பால்கனிக்குத் திரும்பியவர் அலறாத குறை.

"வந்துடுச்சுடி! என்ன கம்பீரம்! என்ன பார்வை!"

கேமரா பொரிந்து தள்ளியது. ஐந்தடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போது படம் போட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் அவளுடைய தம்பி. சட்டை கிழிந்து, காதோரம் கீறல். அக்காவைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் கிசுகிசுத்தான்.

"நீ சொன்ன மாதிரியே அந்த பிளாஸ்டிக் ராஜாளியைத் தொட்டி மேல கட்டிட்டேன்க்கா. கட்டிட்டுத் திரும்புறேன், நிஜ ராஜாளியே வந்து என் காதைப் பிறாண்டிட்டு, பொம்மை பக்கத்துல ஜோடியா உக்காந்துடுச்சு!"

நிஜ ராஜாளியேவா! அவள் பால்கனிக்கு ஓடினாள். இனி இந்த ஜென்மத்தில் புல்லாங்குழல் இல்லை!

"ஏங்க, தொட்டி மேல ரெண்டு இருந்துச்சா?"

"இருந்துச்சே! ஒண்ணு ஸ்பிரிங் வெச்ச மாதிரி தலையைத் தலையைத் திருப்பிக்கிட்டே இருந்துச்சு. புறாவை விரட்ட எவனோ வெச்ச பொம்மை" என்றார் அவர், லென்ஸைப் பெருமையாகத் துடைத்தபடி. "படத்துலேர்ந்து அதை வெட்டித் தூக்கிட்டு, நிஜத்தை மட்டும் அனுப்பிட்டேன்."