கோபந்தான்

பாக்கியரத்தினம் மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் அளவையியல் என்னும் தர்க்கப் பாடம் படிப்பிப்பவர். மூதூர் லோஞ்சுப் படகுகள் வந்து கட்டும் துறையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஸெய்னுதீன் அவரிடம் கேட்டார்.

"லண்டனிலயிருந்து மகள் இன்னும் கடிதம் எழுதல்லையா, மாஸ்டர்?"

"இல்லை, ஸெய்னுதீன் நானா."

"கோபமெண்டா எழுதமாட்டா. எழுதல்ல. அப்ப கோபந்தான்."

மாணவர்கள் இப்படி எழுதினால் மாஸ்டர் சிவப்பு மையால் வெட்டுவார். எழுதாததற்கு வேறு காரணமும் இருக்கலாமே என்று விளக்குவார்.

இன்று, "ஓம், நீங்கள் சொல்லுறது சரி. கோபந்தான்" என்றார்.

"ஆறினா எழுதுவா."

"ஓம். எழுதுவா."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஆளில்லாத வீட்டுக்கு நடந்தார்.

மகள் இறந்துவிட்டதாகத் தந்தி வந்து மூன்று மாதம். அதை அவர் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.