நடுவில் பதினாறு பக்கம்

"உங்க மச்சினர் நேத்து கடைக்கு வந்தாரு சார். அரை மணி நேரம் நின்னுக்கிட்டே படிச்சாரு. வாங்காமப் போயிட்டாரு."

புத்தகக்கடைக்காரர் இதைப் புகாராகச் சொல்லவில்லை. பில் போட்டுக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார். அகராதிக்குத்தான் சுருக்கென்றது.

அகராதி என்பது தெருவில் அவருக்கு வைத்த பெயர். வீட்டில் இரண்டாயிரத்து முந்நூறு புத்தகம் இருப்பதாலா, யார் பேசினாலும் குறுக்கே புகுந்து திருத்துவதாலா என்று யாரும் விளக்கியதில்லை. அவர் முதல் காரணத்தையே எடுத்துக்கொண்டார்.

"என்ன புத்தகம்?"

கடைக்காரர் மோவாயால் காட்டினார். நானூறு பக்க நாவல். "அதுலயும் முதல்லேர்ந்து இல்ல சார். நடுவுல பதினாறே பக்கம். அளந்து வெச்ச மாதிரி பிரிச்சாரு, படிச்சாரு, மூடி வெச்சுட்டாரு."

அதே நாவலைப் போன மாதம் அகராதியே மச்சினனுக்கு இரவல் கொடுத்திருந்தார். கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு கடைக்கு ஏன் போகிறான்?

வீடு வந்து சேர்வதற்குள் விடை கிடைத்துவிட்டது. திருப்பித் தரவேண்டிய நாள் இன்று. பயல் ஒரு மாதமாகப் புத்தகத்தைத் தொட்டிருக்க மாட்டான். வேலைக்கு நடுவில் திடீரென்று ஞாபகம் வந்து, பரீட்சைக்கு முதல் நாள் படிக்கிற மாதிரி கையில் கிடைத்ததை விழுங்கியிருக்கிறான்.

பரீட்சை என்பது உண்மைதான். அகராதியிடம் இரவல் வாங்கியவர்கள் திருப்பித் தரும்போது மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒன்று தவறினாலும் அந்த அலமாரிப் பக்கம் மறுபடி வரக்கூடாது. இதுவரை நான்கு பேருக்குக் கதவு சாத்தப்பட்டிருந்தது. அதில் ஒருவர் அவருடைய சொந்த அண்ணன்.

மச்சினன் லிஃப்ட் மெக்கானிக். சாப்பாட்டு நேரத்தில் ஏதாவதொரு கட்டிடத்தின் மோட்டார் அறையில் உட்கார்ந்து படிப்பான். அகராதியின் அலமாரியை மேல்தட்டிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தான். ஐந்து வருடத்தில் நான்காம் தட்டு வரை வந்தாயிற்று. அவனுக்கு வேறு அலமாரி கிடையாது.

மாலையில் வந்தான். காகித உறையிலிருந்து நாவலை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான்.

அகராதி அதை விளக்குக்கு நேரே பிடித்தார். முதுகு மடங்கவில்லை. ஓரத்தில் அழுக்கில்லை.

"படிச்ச புத்தகம் மாதிரியே இல்லையே மச்சான்?"

"உங்க புத்தகமாச்சே மாமா. பயந்து பயந்துதான் பிரிச்சேன்."

"சரி, முதல் கேள்வி. கதை ஆரம்பிக்கும்போது சுவர்க்கடிகாரத்துல மணி என்ன?"

"நாலேகால். ஆனா அது ஓடாத கடிகாரம்."

"கடைசி அத்தியாயத்துல வீட்டுச் சாவியை யார்கிட்ட கொடுக்கறாங்க?"

"யார்கிட்டயும் இல்ல. ஆத்துல வீசிடறாங்க."

இரண்டும் சரி. அகராதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மூணாவது. நேத்து கடையில நின்னு நடுவுல படிச்சியே, அதுல என்ன இருந்துது?"

மச்சினன் முகம் மாறியது. சமையலறை வாசலில் வெங்காயமும் கத்தியுமாக நின்ற அக்காவைப் பார்த்தான்.

"வேற கேளுங்க மாமா."

"ஏன், நேத்து படிச்சது இன்னைக்கே மறந்துடுச்சா?"

"அது வேண்டாமே."

"சொல்லுப்பா, கேட்போம்."

"படகு கவிழுது," என்றான் மெதுவாக. "அப்போ மூத்தவ, அந்தக் கடிதத்தை எழுதினது நான்தான்னு தங்கச்சிகிட்ட சொல்லிடறா."

அகராதி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"படகா! இந்தக் கதையில படகே கிடையாது. மூணு தடவை படிச்சவன் சொல்றேன். கடிதத்தை எழுதினது யாருங்கறது கடைசிவரைக்கும் தெரியாது. அதுதான் இந்த நாவலோட அழகே! கடைக்காரர் நடத்தின கூட்டத்துல இதை வெச்சே முக்கால் மணி நேரம் பேசியிருக்கேன்."

மச்சினன் காலிக் காகித உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"வேற கதையோட குழப்பிக்கிட்டேன் போலருக்கு மாமா."

"அப்போ இதோட சரி."

"சரி மாமா."

நான்காம் தட்டை ஒரு தடவை பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

"என் தம்பி சோம்பேறியா இருப்பான், பொய் சொல்ல மாட்டாங்க," என்றாள் மனைவி.

"உன் தம்பி லட்சணத்தை இப்பவே காட்டறேன், வா."

அகராதி பக்கங்களைப் புரட்டினார். முதல் முப்பது பக்கத்தில் பதினோரு அச்சுப்பிழைகளை அவர் பென்சிலால் திருத்தியிருந்தார். அதற்குப் பிறகு அச்சகத்தார் ஒரு பிழையும் விடவில்லை போலும், எல்லாம் சுத்தமாக இருந்தது.

நூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். விரல், தடித்த ஒரு கற்றையில் இடித்தது. அதைத் தாண்டினால் இருநூற்று ஒன்பது. இடையில் பதினாறு பக்கங்கள், அச்சகத்தில் ஓரம் வெட்ட விட்டுப்போய், மடித்த மடிப்புக் கலையாமல் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இதுவரை எந்தக் கத்தியும் உள்ளே போனதில்லை.

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இதை அவன் வெட்டியிருந்தா உங்க குட்டு உடைஞ்சு போயிருக்கும்," என்றாள். "அதான் கடையில போய் நின்னிருக்கான்."

அகராதி நிமிரவில்லை.

அவள் கத்தியைப் புடவைத் தலைப்பில் துடைத்து, பிடிப்பக்கமாக நீட்டினாள்.

"இந்தாங்க. நாலாவது தடவை படிக்க வசதியா இருக்கும்."