ரோமாபுரி வாசல்

“கை வெக்காத துணி எதையும் நம்மூட்டுப் புள்ள போடறதில்ல. ரோமுக்குப் போனாலும் சரி” என்றார் திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி வெள்ளியங்கிரி. கல்லூரித் தோழிகளோடு சுற்றுலா கிளம்பிய மகள் கலாமணி, மறுபேச்சில்லாமல் பெட்டியில் சுடிதார்களை மட்டும் அடுக்கினாள்.

பெட்டியை மூடும்போது அவரே ஒரு பார்சலைக் கொண்டுவந்து மேலே வைத்தார்.

“இது உன்ற கூட்டாளிகளுக்கு. ஆளுக்கொண்ணு கொடு அம்மிணி. நம்ம கம்பெனி பேரு பரவட்டும்.”

போன மூன்றாம் நாள் ரோமிலிருந்து ஐ.எஸ்.டி. வந்தது.

“அப்பா, இன்னைக்குப் பெரிய சர்ச்சுக்குப் போனோமுங்க. என்ற கூட்டாளிக அத்தன பேரையும் வாசல்லயே நிறுத்திப்போட்டாங்க. தோள் தெரியற துணி போட்டிருந்தா உள்ள விடமாட்டாங்களாமா. என்னைய மட்டுந்தான் விட்டாங்க.”

வெள்ளியங்கிரியின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் நின்ற மனைவி மயிலாத்தாளிடம் திரும்பினார்.

“கேட்டுக்கோ. என்னையப் பழைய ஆளுன்னு சொன்னியே, வெள்ளக்காரனே நம்ம கட்சிதான்.”

பிறகு போனில் குரலை உயர்த்தினார். “அந்தப் புள்ளைகளுக்கு ஊட்டுல யாரும் புத்தி சொல்லி அனுப்பலியா? அப்படித் துணிய எவன்தான் தெக்கறானோ, எவன்தான் கொடுக்கறானோ.”

மறுமுனையில் கலாமணி கொஞ்சம் தயங்கினாள்.

“நம்ம கம்பெனி எக்ஸ்போர்ட் பீஸ்தானுங்கப்பா. நீங்க கொடுத்துவிட்ட பார்சல்.”

வெள்ளியங்கிரி ரிசீவரை மெதுவாகக் கீழே வைத்தார்.

“புள்ள என்னங்க சொன்னா?” என்றாள் மயிலாத்தாள்.

“லைன் கட்டாயிருச்சு.”